பேக்கப் சாஃப்ட்வேரை எந்த சர்வரில் போடுவது?

கேள்வி: எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் மூன்று சர்வர்கள். ஒன்று எல்லோருடைய லாகினையும் பார்த்துக்கொள்ளும் ஆக்டிவ் டைரக்டரி சர்வர். இன்னொன்றில் டாலியும் டிசைன் ஃபைல்களும், சுமார் 2 டிபி. மூன்றாவது, புது சர்வர் வந்தபிறகு சும்மா கிடக்கும் பழைய மெஷின். லோடு இல்லாத ஆக்டிவ் டைரக்டரி சர்வரிலேயே பேக்கப் சாஃப்ட்வேரைப் போட்டுவிடலாம் என்கிறார் மேனேஜர். சரியா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். பழைய மெஷினில் போடுங்கள். லோடு எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம். ஆக்டிவ் டைரக்டரி சர்வரே படுத்துவிட்டால் எங்கிருந்து ரீஸ்டோர் செய்வீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. லாகின் தரும் சர்வரிலேயே பேக்கப்பும் இருந்தால், அது விழும்போது இரண்டும் சேர்ந்து போகும்.

2017 ஜூனில் உங்கள் சரக்கை ஏற்றிப்போகும் மெர்ஸ்க் கம்பெனிக்கு நடந்தது இதுதான். நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது உலகம் முழுக்க இருந்த அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது உங்களுடையதைப் போன்ற லாகின் சர்வர்கள், அழிந்தன. ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கிறது, அதுவே பேக்கப் என்று நம்பியிருந்தார்கள், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் போனது. கானாவில் கரன்ட் போய் அணைந்து கிடந்த ஒன்றுதான் மிஞ்சியது, அதை வைத்துத்தான் மீண்டார்கள்.

அதனால் பழைய மெஷினை டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரியின் லாகின் கட்டுப்பாட்டில், சேர்க்காதீர்கள். அதற்கென்று தனி யூசர், தனி பாஸ்வேர்டு வையுங்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு திருடு போனாலும் அதை வைத்து இதற்குள் நுழைய முடியக்கூடாது. அதில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இருந்தால் மாற்றிவிடுங்கள், 2023 அக்டோபரோடு அதற்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்குகளையும் புதிதாகப் போடுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி வரை போகும், 2 டிபிக்குச் சுமார் 5 மணி நேரம், அதாவது முதல் முழு பேக்கப் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும், அப்புறம் தினமும் மாறியது மட்டும்தான். ஆனால் பேக்கப்பின் நகலை வெளியே எடுத்துவைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் அதே 2 டிபி 16 மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். மெஷினின் பின்பக்கம் குனிந்து பாருங்கள், யூஎஸ்பி போர்ட்டின் உள்ளே நீல நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் 3.0. இல்லையென்றால் ஒரு 3.0 கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள், கழற்றியது அலுவலகத்துக்கு வெளியே போய்விட வேண்டும். மாதம் ஒருமுறை டாலி டேட்டாவை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கம்பெனியைத் திறந்து, கடைசி வவுச்சர் வரை இருக்கிறதா என்று மேனேஜரையே பார்க்கச் சொல்லுங்கள்.