இஜிஆர் கோளாறு: வால்வை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் அமைப்புதான் இஜிஆர். என்ஜின் லைட் எரிந்து, ஸ்கேனரில் இஜிஆர் என்று வந்ததும் வால்வைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான்.

கேள்வி: பெட்ரோல் கார். ஸ்கேனரில் பி0401 என்ற கோளாறு கோடு வந்தது. மெக்கானிக் சொன்னபடி புது வால்வு போட்டேன். நாலே நாளில் அதே கோடு. புது வால்வும் கெட்டிருக்குமா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. பி0401 "வால்வு போச்சு" என்று சொல்வதில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் புகை திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. எக்ஸாஸ்டிலிருந்து வரும் குழாய், வால்வு, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள துவாரம், இதில் எங்கே அடைத்தாலும் அதே கோடுதான். ஓட்டத்தை அளக்கும் சென்சார் தப்பாகச் சொன்னாலும் அதேதான்.

என் வண்டியிலும் இது நடந்தது. வால்வைக் கழற்றிவிட்டு மேனிஃபோல்டுக்குள் டார்ச் அடித்தேன். விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில் முனை போகும் இடம்தான் மிச்சம். கரி தார் மாதிரி ஒட்டி, மேலே கல்லாக இறுகியிருந்தது. பழைய வால்வில் குறையே இல்லை. துவாரத்தைச் சுரண்டி, துகள் உள்ளே விழாமல் வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுத்ததும் சரியாகிவிட்டது.

உங்களுடையது வேக்கம் வகை வால்வு, அதாவது காற்றை உறிஞ்சும் விசையால் திறப்பது என்றால் சோதனை சுலபம். சூடான என்ஜினை ஐடிலில் விட்டு, கைப் பம்ப்பால் வால்வுக்கு வேக்கம் கொடுங்கள். என்ஜின் தடுமாறினால் அல்லது நின்றால் வழி திறந்திருக்கிறது. வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு, ஹோஸ், சென்சார் பக்கம் பாருங்கள். வேக்கம் இறங்காமல் இருக்கிறது, ஆனால் என்ஜின் அசையவில்லை என்றால் அடைப்பு, இல்லாவிட்டால் வால்வு மூடியபடி இறுகியிருக்கிறது. வேக்கம் தங்காமல் இறங்கிவிட்டால் வால்வுக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் அழுத்தத்தையும் பார்த்துத் திறக்கும் பேக் பிரஷர் வகை வால்வில் மட்டும் ஐடிலில் வேக்கம் தங்காமல் போவது இயல்பு, அதைக் கெட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எலக்ட்ரிக் வால்வு என்றால் இதே வேலையை வால்வைத் திறந்து மூடச் சொல்லும் ஸ்கேனரின் ஆக்சுவேட்டர் டெஸ்ட் செய்யும்.

கேள்வி: சிக்னலில் நின்றால் குலுங்கி ஆஃப் ஆகிறது. வேகமாகப் போனால் நன்றாக இருக்கிறது. ஸ்கேனரில் இஜிஆர் எரர் 99.2 சதவீதம் காட்டுகிறது. ஸ்கேனர் கெட்டுவிட்டதா?

ஸ்கேனர் சரிதான் சார். கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை, கேட்ட அளவால் வகுத்துத்தான் அந்த எரர் வருகிறது. கம்ப்யூட்டர் "பூஜ்யம் திற" என்று சொல்லியும் வால்வு கொஞ்சம் திறந்திருந்தால் பூஜ்யத்தால் வகுக்க முடியாது, அப்போது 99.2 காட்ட வேண்டும் என்பதுதான் விதி. ஆக, உங்கள் வால்வு முழுதாக மூடவில்லை. ஒரு கரித்துணுக்கு, வால்வு மூடி உட்காரும் சீட்டில் சிக்கினாலே இது போதும். ஐடிலில் உள்ளே போகும் காற்றே குறைவு, அதில் புகை கலந்தால் எரிவது தடுமாறும். வேகத்தில் கொஞ்சம் புகை இருப்பது இயல்பு என்பதால் தெரிவதில்லை.

இன்டேக்கில் காற்று கசிந்தாலும் இதே மாதிரி குலுங்கும். சந்தேகம் தீர, வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்து ஐடிலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குலுக்கல் நின்றால் வால்வுதான். பார்த்ததும் தகட்டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அந்தத் தகட்டை நிரந்தரமாகவே விட்டுவிட்டால் என்ன? நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

வேண்டாம். எரியும் சூட்டைக் குறைக்கத்தான் புகையைத் திருப்பி அனுப்புகிறார்கள். சுமார் 1370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடு வேகமாக உருவாகும். அது வண்டிக்குப் பின்னால் வருகிறவர்களின் நுரையீரலுக்குப் போகிறது. பெட்ரோல் என்ஜினில் நாக்கிங்கும் (தட்டும் சத்தம்) வரலாம். பல நாடுகளில் சட்டப்படி குற்றம். பி0401 எப்படியும் திரும்பி வரும்.

கேள்வி: டீசல். கறுப்புப் புகை, இழுவை இல்லை. இஜிஆரா, டர்போவா?

ஸ்கேனரில் காற்று அளவைப் பாருங்கள். இஜிஆர் திறந்தால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் அளவு இறங்க வேண்டும், மூடினால் ஏற வேண்டும். மூடச் சொல்லியும் ஏறவே இல்லை என்றால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது மாஃப் அழுக்காக இருக்கலாம். அளவு ஒழுங்காக மாறினால், டர்போ ஹோஸ் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கூலன்ட் குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. வெள்ளைப் புகை வருகிறது.

திரும்பும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைச் சந்தேகப்படுங்கள். ஹெட் கேஸ்கெட்டிலும் இப்படி வரும். அதனால் ஹெட்டைப் பிரிக்கும் முன், குளிர்ந்த என்ஜினில் கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் ஏற்றி, இஜிஆர் வால்வைக் கழற்றிக் கூலரின் வாயைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் கரியாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் கழுவிவிட்டது போல ஈரமாக இருந்தால் கூலர் உள்ளே ஓட்டை. சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். கூலன்ட் சிலிண்டரில் தேங்கினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கேள்வி: பி0403, பி0405 இரண்டும் சேர்ந்து வருகிறது. கிளீன் செய்தும் போகவில்லை.

இரண்டும் மின்சுற்றுக் கோடுகள், கரிக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, எக்ஸாஸ்ட் சூட்டில் ஒயர் உருகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் சென்சாருக்கு 5 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா பாருங்கள்.

கேள்வி: நானே கழற்றி கிளீன் செய்து மாட்டினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

பழைய கேஸ்கெட்டையே போட்டீர்களா? முதலில் அதை மாற்றுங்கள். கிளீனர் திரவம் மோட்டார் பக்கம் இறங்கியிருந்தால் கழற்றி நன்றாகக் காயவிடுங்கள். பல எலக்ட்ரிக் வால்வுகளுக்கு, மூடிய நிலை எது என்று ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். கரி போனதும் அந்த நிலை மாறியிருக்கும், கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே இருக்கும்.