பிரெட்போர்டில் பதிந்த நிரல், வீட்டில் செய்த போர்டில் ஏன் பதிய மறுக்கிறது?

கேள்வி: பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் பலகை) வைத்து, யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரால் (கணினியிலிருந்து சிப்புக்கு நிரலை ஏற்றும் கருவி) நிரல் பதித்த ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை, செம்புத் தகட்டை நானே அரித்துச் செய்த போர்டுக்கு மாற்றினேன். இப்போது 'சிப் பதிலளிக்கவில்லை' என்ற செய்தியே வருகிறது. சிப் கெட்டுவிட்டதா?

பதில்: சிப்பை மீண்டும் பிரெட்போர்டில் செருகிப் பாருங்கள், அங்கே பதில் தந்தால் குறை போர்டில்தான் இருக்கிறது.

புரோகிராமர், சிப்பின் ரீசெட் காலை (சிப்பை மீளத் தொடங்கவைக்கும் கால்) தாழ்நிலைக்கு இழுத்து, நான்கு பைட் கொண்ட கட்டளை ஒன்றை அனுப்பும். அதன் இரண்டாம் பைட்டை, அதாவது பதினாறு நிலை எண்முறையில் 53 என்பதை, சிப் திருப்பி அனுப்பாவிட்டால்தான் நீங்கள் காணும் செய்தி தோன்றும். மின்சாரம், ரீசெட், தரவுத் தடங்கள், கடிகாரத் துடிப்பு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று சிப்பை எட்டவில்லை என்பதே இதன் பொருள்.

என் முதல் ஐயம் கடிகாரத் துடிப்பின் மீதுதான். நிரலை ஓட்டுவதற்கு மட்டுமன்றி, பதிப்பதற்கும் சிப்புக்குத் துடிப்பு வேண்டும் என்பது பலருக்கும் மறந்துவிடுகிறது. புதிய சிப், துடிப்பை உண்டாக்கும் தன் உள் ஆஸிலேட்டரைக் கொண்டு 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஆனால் பிரெட்போர்டில் இருந்தபோது ஃபியூஸ் பிட்டுகளை (சிப்பின் அடிப்படை அமைப்புகளைச் சேமித்து வைப்பவை) வெளியே பொருத்தும் துடிப்புக் கிரிஸ்டலுக்கு மாற்றியிருந்தால், அந்த அமைப்பு சிப்போடு கூடவே வந்திருக்கும். புதிய போர்டில் 9, 10 ஆம் கால்களில் கிரிஸ்டல் இல்லாவிட்டாலோ, அதன் தடம் அறுந்திருந்தாலோ சிப் ஊமையாகிவிடும். கிரிஸ்டல் தேவையில்லை என்றால், பிரெட்போர்டிலேயே ஃபியூஸ் பிட்டுகளை உள் ஆஸிலேட்டருக்குத் திருப்பிவிட்டுப் பிறகு சிப்பை மாற்றுங்கள்.

அங்கே குறை இல்லையெனில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால் தடங்களைச் சோதியுங்கள். ஒரு முனையைச் செம்பின் மீது வைக்காமல் சிப்பின் காலின் மீதே மென்மையாக வையுங்கள். அழுத்தினால் சரியாகப் பற்றாத சால்டர் அந்நேரத்துக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும். தரவுக்குரிய 17, 18, 19 ஆம் கால்கள் அடுத்தடுத்து இருப்பதால், அரிக்கப்படாமல் எஞ்சிய மயிரிழைச் செம்புகூட அவற்றை இணைத்துவிடும். 7, 20 ஆகிய இரண்டுக்கும் மின்னழுத்தமும், 8, 22 ஆகிய இரண்டுக்கும் தரை இணைப்பும் வேண்டும். வீட்டுப் போர்டுகளில் 20 ஆம் கால் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. ரீசெட் காலிலிருந்து தரைக்குப் பெரிய கெபாசிட்டர் வைத்திருந்தால் அகற்றிவிட்டு, அக்காலை 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக மின்வழங்கலோடு இணைத்தாலே போதும்.

போர்டை அரிக்கப் பயன்படுத்திய தடப் படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருந்தால் புரோகிராமர் இணைப்பியின் இரு வரிசைகளும் இடம் மாறியிருக்கும் என்பதால், மீண்டும் மின்சாரம் தருவதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.