சிறிய தொண்டு நிறுவனத்துக்குத் தொழில்நுட்பமும் கூட்டணியும் எப்படி உதவும்?

ஆளும் பணமும் குறைவாக உள்ள தொண்டு நிறுவனம், தொழில்நுட்பத்தையும் கூட்டணியையும் வைத்து இன்னும் அதிகம் பேரைச் சென்றடைய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் புதிதாக ஆப் செய்வதில் தொடங்காதீர்கள். உங்கள் களப்பணியாளரோடு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். ஒரே குடும்பத்தின் விவரத்தை நோட்டில் ஒரு தடவை, படிவத்தில் ஒரு தடவை, இரவில் எக்செல்லில் ஒரு தடவை என்று எழுதிக்கொண்டிருப்பார். அதை ஒன்றாகக் குறைத்தாலே இன்னும் சில வீடுகளுக்குப் போக நேரம் கிடைக்கும். கோபோ டூல்பாக்ஸ் போன்ற திறமூலக் கருவியில் (அதாவது, மென்பொருள் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கருவியில்), இணையம் இல்லாத இடத்திலும் போனிலேயே படிவத்தை நிரப்பலாம்; சிக்னல் வந்ததும் அனுப்பலாம்.

கூட்டணிக்கு 2010 ஹைட்டி நிலநடுக்கத்தைப் பாருங்கள். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அப்போது விரிவான டிஜிட்டல் வரைபடம் இல்லை. செயற்கைக்கோள் பட நிறுவனங்கள் தங்கள் படங்களைத் தந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் எங்கெங்கிருந்தோ உட்கார்ந்து தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு களத்தில் இறங்கின. அவரவர் கையில் ஏற்கெனவே இருந்ததைத்தான் கொடுத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். நீங்களும் ஒரு நிறுவனத்திடம் போய் நன்கொடை கேட்பதற்கு முன், அவர்களிடம் சும்மா கிடக்கும் திறமை என்ன, வண்டி என்ன, தரவு என்ன என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: பயனாளிகளின் தகவலை யார் பார்க்கலாம், கூட்டணி முடிந்தபின் அது எப்போது அழிக்கப்படும் என்பதை.