மலை இறங்கும் காருக்கு 22,000 ரூபாயில் பிரேக் எதற்கு?

கேள்வி: போடிநாயக்கனூரில் இருக்கிறோம். பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. வாரம் ஒருமுறையாவது ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்குகிறோம். 2016 மாடல் சின்ன கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், வீல் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. போன மாதம் இறங்கும்போது கடைசி நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கருகல் வாடை வேறு. என் மகன் துளை போட்ட டிஸ்க், 'ரேசிங்' பேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் 22,000 ரூபாய்க்குக் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறான். வீட்டு வாசலிலேயே நானே மாட்டிவிடுவேன் என்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: கார்ட் அப்படியே இருக்கட்டும், காசு கட்ட வேண்டாம். நீங்கள் எழுதிய 'பஞ்சு மாதிரி' என்ற ஒரு சொல்லிலேயே பாதி பதில் இருக்கிறது.

மலை இறக்கத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். மிதி கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடியை இழந்தால் இப்படி ஆகும். இன்னொன்று உங்களுக்கு நடந்தது. மிதி மெத்தென்று உள்ளே போகும். அங்கே கொதித்திருப்பது பிரேக் ஆயில். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, குமிழி சுருங்கிவிடும். உங்கள் கால் அழுத்துவது வீலுக்குப் போய்ச் சேராமல் குமிழியிலேயே தீர்ந்துவிடுகிறது. ரேசிங் பேட் போட்டாலும் கொதித்த ஆயில் கொதித்ததுதான்.

ஏன் கொதித்தது? பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரமேறினால் 155. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இங்கே யார் மாற்றுகிறார்கள்? இன்ஜின் ஆயிலைத் தேதி பார்த்து மாற்றுகிற நாம் பிரேக் ஆயில் குறைந்தால் மேலே ஊற்றுவதோடு சரி. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை டார்ச் அடித்துப் பாருங்கள். புது ஆயில் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் அதற்கு வயசாகிவிட்டது. நிறம் நன்றாக இருக்கிறது என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

சூடு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆளும் மூட்டையுமாக வண்டி 1,300 கிலோ, இறக்கம் ஆயிரம் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வருவதற்குள் அந்த வண்டி கரைக்க வேண்டிய ஆற்றல், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிற அதே காரை இருபத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் இன்ஜினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஒன்றுமே வாங்கிக்கொள்ளாமல் எல்லாம் சூடாக மாறினால் மூன்று குடம் தண்ணீரைத் தளதளவென்று கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தச் சூட்டை நாலு வீலில், முக்கியமாக முன் இரண்டில் ஏற்றுவதா, இன்ஜினிடம் பங்கு கொடுப்பதா என்பது உங்கள் கியரில் இருக்கிறது.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். அது இன்றைக்கும் சரி. உங்கள் காருக்கு அந்தச் சாலையில் பெரும்பாலும் இரண்டாவது கியர். இன்ஜின் உறுமட்டும், பயப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது அது பெட்ரோலைக் குடிக்காது. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர் பின்னால் போகாதீர்கள். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குள் வெற்றிடம் தீர்ந்து நின்றுவிடும். அப்புறம் முழுப் பலத்தோடு மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும். பிரேக் மிதிப்பதிலும் ஒரு முறை உண்டு. வளைவுக்கு முன்னால் அழுத்தி மிதித்து வேகத்தைக் குறையுங்கள், உடனே காலை எடுத்துவிடுங்கள். வழிநெடுக லேசாகக் காலை வைத்துக்கொண்டே வந்தால் டிஸ்க் ஆற நேரமே இருக்காது.

மலையடிவாரத்தில் முந்தலுக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, பாட்டில் தண்ணீரை வீலில் ஊற்றி 'உஸ்' என்று புகை வருவதை ரசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பழுக்கச் சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துபோகலாம், வெடிப்பு விழலாம். ஒரு டீ குடிக்கிற நேரம் நிறுத்தினால் தானாக ஆறும்.

சரி, எதை வாங்குவது? முதலில் டாட் 4 பிரேக் ஆயில், சீல் உடைக்காத புது டப்பாவாக. அதற்கு முன்னால் காரின் கையேட்டையும் பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியையும் பாருங்கள். டாட் 3 கேட்கிற வண்டியில் டாட் 4 ஊற்றலாம். ஆனால் டாட் 5 என்பது சிலிக்கோன், இவற்றோடு சேராது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். டாட் 5.1 வேறு சரக்கு, அது சேரும். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். திறந்து மிச்சமான டப்பாவை அடுத்த வருஷத்துக்கு என்று பரணில் வைக்காதீர்கள். அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

அடுத்தது முன் பேட். கார் கம்பெனியின் அசல் பேட், அல்லது கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கிறவர்களின் பேட் போதும். சென்னையிலேயே ரானே, பிரேக்ஸ் இந்தியா என்று பல பத்தாண்டுகளாக இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டின் ஓரத்திலோ பின்தகட்டிலோ ஒரு நீளமான குறியீடு அச்சிட்டிருக்கும். அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி அதற்கும் மேல். எஃப்-எஃப் என்றிருந்தால் சூட்டிலும் அதே பிடி. எஃப்-ஈ என்றிருந்தால் சூடாக ஆகப் பிடி தளரும். மலைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது எழுத்துதான் முக்கியம். பெட்டியில் எத்தனை தீப்பிழம்பு வரைந்திருக்கிறது என்பது முக்கியமில்லை.

உங்கள் மகன் விரும்பும் ரேசிங் பேட் நல்ல பொருள்தான், ஆனால் வேறு வேலைக்கு. அது சூடான பிறகுதான் பிடிக்கும். ஒருமுறை ஆசைப்பட்டு அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு டிசம்பரில் மூணாறு போனேன். காலையில் லாட்ஜ் வாசலிலிருந்து கிளம்பி முதல் மிதி மிதித்தேன், வண்டி என் பேச்சைக் கேட்காமல் நாலடி தள்ளிப் போய்த்தான் நின்றது. முன்னால் ஒரு பால் வண்டி. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கழற்றிப் போட்டேன். உங்கள் காரில் ஏபிஎஸ்ஸும் இல்லை. (2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் எல்லா புது கார்களிலும் கட்டாயமானது.) முன் வீல் மட்டும் வெறித்தனமாகப் பிடித்து, பின் டிரம் பழையபடியே இருந்தால், மழைக்காலத்தில் ஈர வளைவில் முன் வீல் லாக் ஆகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். அங்கே நேரே என்றால் எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் துளையைச் சுற்றிப் பொடி வெடிப்பு விழுவது அதன் பழைய வியாதி, பேட்டும் சீக்கிரம் தேயும். இப்போதிருக்கும் டிஸ்க்கையே அளந்து பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் அசல் டிஸ்க்கை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்போ உப்பலோ தெரிந்தால் அதையும் அசலாகவே. பின் டிரம்மைக் கழற்றி, உள்ளிருந்து அதைப் பிடிக்கும் ஷூவையும் ஆயில் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள். பல மெக்கானிக்குகள் முன் வீலோடு நிறுத்திக்கொள்வார்கள். இத்தனையும் செய்தாலும் 22,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

வீட்டில் மாட்டுவது பற்றி. பேட் மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. முதல் முறை மகன் மெக்கானிக் பக்கத்தில் நின்று பழகட்டும். சமதரை, பின் வீலுக்குக் கட்டை, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது. பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். காலிப்பரில் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கும். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், துணி கையில் இருக்கட்டும். பிரேக் தூசியை ஏர் பைப்பால் ஊதாதீர்கள். பழைய பேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்து, மிதி கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு வாசல் கேட்டில் மோதியவர்கள் உண்டு.

ஆயில் மாற்றி ஏர் எடுப்பதை (குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றுவதை) மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அவர் மூடுவதற்குள் இவர் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், பஞ்சு திரும்ப வந்துவிடும்.

புது பேட் போட்ட அன்றே மலை ஏறாதீர்கள். போடி – தேனி சாலையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து 60-லிருந்து 20 வரை, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை மிதித்துக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டுங்கள். பேட் டிஸ்க்கோடு படிய அது வேண்டும்.

கேள்வி: குமுளியில் வசிக்கிறோம். ஆன்லைனில் வாங்கிய பிரேக் பேட் மாட்டிய நாளிலிருந்து கீச்சிடுகிறது. டூப்ளிகேட் என்கிறார் மெக்கானிக். மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர். அவர் வடநாட்டில் இருக்கிறார். புகாரைத் தேனியில் கொடுப்பதா, இடுக்கியிலா? கேரளத்தில் வரி குறைவு, இங்கேயே கடையில் வாங்கியிருக்கலாம் என்று உறவினர் திட்டுகிறார்.

பதில்: உறவினரிடம் சொல்லுங்கள், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு அது 18 சதவீதம். பில்லில் 28 போட்டிருந்தால் கேளுங்கள்.

கீச்சிடுவதால் மட்டும் டூப்ளிகேட் என்று முடிவு கட்ட முடியாது. பின்தகட்டில் வரும் ஷிம் தகடு விட்டுப்போயிருந்தாலும், பழைய டிஸ்க் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருந்தாலும் கீச்சிடும். பெட்டி, பார்ட் நம்பர், எம்ஆர்பி ஒட்டிய இடம், பேட்டின் பின்தகடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அந்த பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, இது உங்கள் சரக்கா என்று கேளுங்கள். 'இல்லை' என்று எழுத்தில் வரும் ஒரு வரி, மெக்கானிக்கின் பத்துச் சொல்லைவிட வலுவானது. பேட்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், தூக்கிப் போட்டால் சாட்சியும் போய்விடும். சந்தேகமான பேட்டோடு குமுளி மலை இறங்கவும் வேண்டாம்.

அப்புறம், விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அதிலும் நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. குமுளி இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது, ஆகவே உங்களுக்கு இடுக்கி. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக அடிக்கடி புனலூர் போவோம். வீலுக்குள் தெரிகிற மாதிரி சிவப்பு காலிப்பர் கவர் மாட்டினால் கேரள அதிகாரிகள் பிடிப்பார்களா?

பதில்: கேரளத்தில் வண்டி மாற்றங்களைக் கெடுபிடியாகத்தான் பார்க்கிறார்கள். கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். விதிமீறி மாற்றினால் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ சட்டத்தில் இருக்கிறது. தேய்ந்த பேட்டுக்குப் பதில் அதே அளவில் வேறு பேட் போடுவது அந்தக் கணக்கில் வராது. பெரிய டிஸ்க், வேறு காலிப்பர் என்று போனால் அபராதம் ஒரு பக்கம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி இன்னொரு பக்கம்.

கவர் விஷயத்தில் அதிகாரியைவிட எனக்குப் பயம் அந்த பிளாஸ்டிக்கைப் பற்றித்தான். ஆற வேண்டிய காலிப்பருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி அது. பசையோ கிளிப்போ விட்டால் வீலுக்குள் கழன்று உரசும். சிவப்பு வேண்டும் என்று ஆசையாக இருந்தால், சூடு தாங்கும் காலிப்பர் பெயின்ட் கிடைக்கிறது. பிஸ்டன் ரப்பரிலும் நிப்பிளிலும் படாமல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.