இடது நெஞ்சு வலி, ஈசிஜி நார்மல்

சகோ, இரண்டு வாரமாக இடப்பக்க நெஞ்சு குத்துகிறது, ஈசிஜியும் ட்ரோபோனினும் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல், ஆனாலும் பயத்தில் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். மார்பெலும்பின் ஓரத்தில் விரலால் அழுத்தினால் அதே வலி வருகிறது, இருமினாலும் புரண்டு படுத்தாலும் கூடுகிறது என்றால் காஸ்டோகாண்ட்ரைடிஸாக இருக்கலாம், அதாவது விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் வரும் அழற்சி. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். சாப்பிட்டுப் படுத்ததும் எரிந்து வாயில் புளிப்பு ஏறினால் அசிடிட்டி.

ஆனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள், தயவுசெய்து. மாடிப்படி ஏறும்போது வலி வந்து, ஏறுவதை நிறுத்தினால் குறைகிறதா? அப்படியானால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம்; ஓய்வில் எடுத்த ஈசிஜியில் தெரியாமல் போகலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் கேஸ் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.