விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 14 ஆண்டுகளாக ஓட்டுநராக இருக்கிறேன். விடுப்பில் இருந்தபோது பைக் விபத்தில் சிக்கி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவக் குழு ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதிவிட்டது. விருப்ப ஓய்வு கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும், டியூட்டியில் நடக்காத விபத்துக்கு மாற்றுப் பணி கேட்க முடியாது என்கிறார்கள் பணிமனையில். ஊன சதவீதத்தைக் கூட்டிச் சான்றிதழும் மாற்றுப் பணியும் வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்திலும் பணிப் பலன்களிலும் வேறு வேலை தர வேண்டும். பொருத்தமான இடம் காலியில்லை என்றால், அது கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே ‘வேகன்சி இல்லை’ என்பது பதிலே அல்ல. போக்குவரத்துக் கழகம் அரசுக்குச் சொந்தமான நிறுவனம். இந்தப் பிரிவு அதையும் கட்டுப்படுத்தும்.

சட்டம் சொல்வது ‘பணிக்காலத்தில்’ என்றுதான், ‘பணி நேரத்தில்’ என்று அல்ல. விபத்து விடுப்பில் நடந்ததா, வீட்டு வாசலில் நடந்ததா என்பதற்கு இங்கே இடமில்லை. கால் இழந்த காவலர் குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு முந்தைய 1995 சட்டத்தின் 47-ஆம் பிரிவை வைத்தே தீர்ப்பளித்தது: உடல் தகுதியின்மை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதைக் காரணம் காட்டி அந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பணிமனைகளில் பழைய பல்லவிதான் பாடுகிறார்கள். அதிகாரி ஒரு பக்கம் படித்தால் தீர்கிற விஷயத்துக்கு, காலை இழந்தவர் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது.

விருப்ப ஓய்வு வேறு கதை. அதில் நிறுவனம் உங்களை அனுப்பவில்லை, நீங்களே போகிறீர்கள் என்று ஆகிவிடும். பிறகு 20(4)-ஐக் காட்டி வாதாடுவது மிகக் கடினம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அது நடைமுறைக்கு வருமுன் திரும்பப் பெறுவதாக இன்றே எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு பொறி, வருகைப் பதிவேடு. சிகிச்சை, செயற்கைக் கால் பயிற்சி என்று மாதங்கள் ஓடும். விடுப்புக் கடிதம் போகாவிட்டால் ‘ஆப்சென்ட்’ விழும். அடுத்து குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, பணிநீக்கம். அப்போது ஊனத்துக்காக அல்ல, வராததற்காக நீக்கினோம் என்பார்கள். மருத்துவச் சான்றுடன் விடுப்புக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மாற்றுப் பணி ஆணை வந்ததும் ‘புதிய நியமனம்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய சர்வீஸும் ஊதியமும் போய்விடும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்காமல் ஏற்காதீர்கள்.

சான்றிதழுக்குத் தரகர் எதற்கு? யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், அறுவை சிகிச்சை ஆவணங்கள் போதும். பரிசோதனை அரசு மருத்துவமனையில். உங்கள் நிலைக்கு ஊன அளவு 40 சதவீதத்தை எளிதாகத் தாண்டும். இந்த 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான எல்லை. 20(4)-இல் சதவீதமே குறிப்பிடப்படவில்லை. ஏற்றி வாங்கிய சான்று பிடிபட்டால் பிரிவு 91-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ. மாட்டுவது உங்கள் பெயர். தரகர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

‘எங்கள் துறைக்கு விலக்கு உண்டு’ என்றும் சொல்லக்கூடும். விலக்கு என்று ஒன்று இருப்பது உண்மை: வேலையின் தன்மையைப் பார்த்து ஒரு நிறுவனத்துக்கு இந்தப் பிரிவிலிருந்து அரசு விலக்களிக்கலாம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் போர்ப்பிரிவுப் பணியாளர்களுக்கு 2021-இல் அப்படிச் செய்தார்கள். ஆனால் அது முறையான அறிவிக்கையாக வெளிவர வேண்டும். மேலாளர் வாயால் சொல்வது விலக்கு ஆகாது. மருத்துவக் குழு எழுதியதும் ஆகாது, ‘ஓட்டுநருக்குத் தகுதியில்லை’ என்றால் ஓட்டுவதற்குத்தான் தகுதியில்லை. ‘அறிவிக்கை எண், தேதி கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மனுவை நிர்வாக இயக்குநருக்கும் பொது மேலாளருக்கும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: பணியாளர் எண், விபத்துத் தேதி, மருத்துவக் குழு அறிக்கை நகல், ‘பிரிவு 20(4)-இன்படி அதே ஊதியத்தில் மாற்றுப் பணி வேண்டும்’ என்ற கோரிக்கை, செய்யக்கூடிய இரண்டு மூன்று வேலைகளின் பெயர் (நேரக் காப்பாளர், அலுவலக எழுத்து வேலை, டிக்கெட் பிரிவு). அசைவில்லை என்றால், ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய குறைதீர் அலுவலரிடம் பிரிவு 23-இன் கீழ் புகார். பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். அவர் தருவது பரிந்துரைதான். மூன்று மாதத்துக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். முதல் மீறலுக்கு அபராதமே அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று வைத்திருக்கும் சட்டத்துக்கு எந்த அதிகாரி பயப்படுவார்?

அதனால் அங்கேயே வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சம்பளம் நின்றாலோ பணிநீக்க ஆணை வந்தாலோ நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் வழியுண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சான்றிதழ் நகலுடன் மனுக் கொடுங்கள்.