பணவீக்கம் இறங்கியது, சாமான் விலை ஏன் இறங்கவில்லை? இலங்கைப் பொருளாதாரம் பற்றி உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் ஒரு வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருபத்தைந்து வருஷம் இருந்தவன். 2022இல் நாடு கவிழ்ந்ததை கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து பார்த்தேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கிளிநொச்சியில் கடை வைத்திருப்பவர்: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் கடையில் ஒரு சாமானும் குறையவில்லையே. யார் பொய் சொல்வது?

ஒருவரும் பொய் சொல்லவில்லை அண்ணா. பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 2022 செப்டெம்பரில் அது கிட்டத்தட்ட 70 சதவீதம், அதாவது முந்தின வருஷம் 100 ரூபாவுக்கு வாங்கியது 170 ஆகிவிட்டது. 2023 செப்டெம்பரில் வேகம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, அதனால் 170 ஏறக்குறைய 172 ஆனது. 2024 செப்டெம்பரில் சுழியத்துக்கும் கொஞ்சம் கீழே போனபோது 172 என்பது 171 ஆனது, அவ்வளவுதான். பழைய 100 இனி வராது. சம்பளமும் 170 ஆகியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

மட்டக்களப்பு ஆசிரியை: ஈஸ்டர் குண்டு, பிறகு கொரோனா. சுற்றுலா படுத்ததால்தானே இந்த நிலை?

அடி பட்டது உண்மைதான். ஆனால் அதே கொரோனா எல்லா நாட்டுக்கும்தான் வந்தது, எல்லாரும் எரிவாயு சிலிண்டருக்கு இரவிரவாகக் கியூவில் படுக்கவில்லையே. நான் விரல் நீட்டுவது 2019 டிசம்பரை. தேர்தல் முடிந்த கையோடு வற் என்கிற பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வரியை எடுத்தார்கள், வருஷம் 30 கோடி ரூபாவுக்கு வியாபாரம் செய்தால்தான் வற் பதிவு என்றார்கள் (அதுவரை 1.2 கோடி). எங்கள் வங்கியில் அந்த மாதச் சம்பளத் துண்டைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான், மறைப்பானேன். மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்குக் கிட்ட இருந்த வரி வருமானம் அடுத்த வருஷமே 8க்கு விழுந்தது. ஒரு நாடு கடனைத் திருப்பிக் கட்டுமா என்று தரப்படுத்தும் நிறுவனங்கள் நம் புள்ளியைக் குறைத்தன, வெளிச் சந்தையில் புதிய கடன் கிடைக்கவில்லை, பழைய கடனைக் கட்டக் கையிருப்பு டொலர் போனது, உள்ளூர்ச் செலவுக்கு மத்திய வங்கி காசு அச்சடித்தது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர் இருந்த கையிருப்பு 2022 ஏப்ரலில் துடைத்து வைத்த மாதிரி. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தார்கள்.

இதற்கு நடுவில் 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போக நெல் கெட்டுப்போயிற்று. அரிசி விளைகிற நாடு அந்த டொலர் பஞ்சத்தில் அரிசி இறக்கியது.

ஒரு மாணவர்: சீனாவின் கடன் பொறியில் மாட்டியதால்தான் இந்த நிலை என்கிறார்களே?

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருஷத்துக்குக் கொடுத்தது நல்ல வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒன்றுக்கு மேல், 2007இலிருந்து மேற்குநாட்டு முதலீட்டாளர்களிடம் கூடின வட்டிக்கு விற்ற இறையாண்மை முறிகள், அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள். மூச்சு முட்டியது அங்கேதான்.

ரொறன்ரோவிலிருந்து: அந்த நேரம் நாங்கள் வங்கியை விட்டு உண்டியலில், அதாவது ஆள் மூலம், காசு அனுப்பினோம். அதனால்தான் டொலர் இல்லாமல் போனது என்று ஊரில் ஏசுகிறார்கள்.

ஏசுபவர்கள் ஒரு டொலருக்கு வங்கியில் 200 ரூபாவும் வெளியே அதைவிட எவ்வளவோ கூடவும் கிடைக்கும்போது தங்கள் காசை எப்படி அனுப்பியிருப்பார்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பி 2020இல் 7 பில்லியன் டொலருக்கு மேல் வந்த பணம் 2022இல் 4 பில்லியனுக்கும் கீழே போனது. ரூபாவை 2022 மார்ச் வரைக்கும் 200 சொச்சத்தில் கட்டி வைத்தது உங்கள் குற்றமல்ல. அவிழ்த்துவிட்ட பிறகு அது 360 வரை போனது, காசும் 2023இல் வங்கி வழியாகத் திரும்பியது. கவுண்டரில் இருந்த எங்களுக்கு 'இன்றைக்கு டொலர் இல்லை ஐயா' என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்த காலம் அது.

ஒருவர்: ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வந்தால் ஏழை சாவான் என்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

1965இலிருந்து எண்ணினால் நாம் அவர்களிடம் கடனுக்குப் போனது இது 17ஆவது தடவை. 2023 மார்ச்சில் சுமார் 3 பில்லியன் டொலர். கானாவும் 2022 டிசம்பரில் கடன் கட்டுவதை நிறுத்தியது, அதற்கும் அடுத்த மே மாதம் 3 பில்லியன், அதற்கும் 17ஆவது! பதினாறு தடவை மருந்து குடித்தும் நோய் வருகிறதென்றால் வைத்தியரையும் கேட்க வேண்டும், நோயாளியையும் கேட்க வேண்டும். செலவுக்கு ஏற்ற வரி வாங்கு, காசு அச்சடிக்காதே என்பதில் எனக்குச் சண்டையில்லை. எனக்குக் கோபம் வரிசை மாறியதில்.

யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு நாள் படகுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. ஒரு ஓட்டத்துக்கு 20 லீற்றர் என்றால் நேற்று 1,740, இன்றைக்கு 6,800. வலையில் மீன் படுகிறதோ இல்லையோ அது முதலில் போய்விடும். 87க்கு விற்றுக்கொண்டே இருக்க முடியாது என்பது சரி, அந்த நட்டத்தை யாரோ சுமந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஏழைக் குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவிக் காசு முதன்முதலில் கைக்கு வந்தது 2023 ஓகஸ்டில். இடையில் பழைய உதவித் திட்டமான சமுர்த்தியோடு சில மாதம் மேலதிகமாகக் கொடுத்தார்கள்தான், அது எந்த மூலைக்கு? விலை ஏற்றம் இரவோடிரவாக வந்தது, உதவி வர ஒரு வருஷம் எடுத்தது.

தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை: எங்கள் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் கை வைத்தார்களா?

நீங்கள் போட்ட முதலை எடுக்கவில்லை, பயப்பட வேண்டாம். சம்பளத்தில் நீங்கள் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று போகிற அந்தக் காசு பெரும்பாலும் அரசாங்க முறிகளில்தான் கிடக்கிறது. 2023இல் அந்த முறிகளை நீண்டகால முறிகளாக மாற்றிக்கொள், இல்லாவிட்டால் நிதியின் வருமானத்துக்கு வரி 14க்குப் பதில் 30 சதவீதம் என்றார்கள். புதியதற்கு ஆரம்பத்தில் 12, பிறகு 9 சதவீதம் வட்டி. 2022 கடைசியில் கையில் காசு இருந்தவர்கள் திறைசேரி உண்டியலில் (அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரம்) 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். வங்கிகளை இதில் சேர்க்கவில்லை, ஏற்கெனவே வரி கட்டுகின்றன என்று காரணம் சொன்னார்கள். வங்கிக்காரனாக எனக்கு அது நிம்மதி, உங்கள் அண்ணனாகச் சொன்னால் அநியாயம்.

கடைசிக் கேள்வி, வவுனியா: வாகன இறக்குமதி திறந்தாயிற்று. இப்போது கார் வாங்கலாமா?

2020இல் மூடியதை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். சில ரகங்களுக்கு வரி வாகனத்தின் விலையையே தாண்டுகிறது. வரியைத் துறைமுகத்தில் நின்று வாங்குவது சுலபம், வருமானத்தை மறைக்கிறவரின் வீட்டுக் கதவைத் தட்டுவது கஷ்டம், அதனால் இப்போதைக்கு அரசு அந்தப் பக்கம்தான் நிற்கும். நான் என் பழைய ஆல்டோவுக்கு இரண்டு டயர் மாற்றிவிட்டேன்.